அறுபத்தாறு டிகிரி

பனி விழும் காலை வெளிச்சத்தில், வீட்டின் சூட்டை ஒரே அளவில் வைக்கும் பழைய வட்டத் தெர்மோஸ்டாட்டைச் சுவரிலிருந்து கழற்றுமுன் ஹார்லன் அதன்மேல் ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார். "ஃபாரன்ஹீட் அறுபத்தாறே எனக்குப் புழுக்கம், நார்வே ரத்தமாக்கும்" என்று டுலூத் ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டவர். அவர் நேராக மாட்டிய கருவி இப்போது சாய்ந்திருக்கிறது. சாய்த்துவிட்டால், வைத்த முள் அறுபத்தாறிலேயே நிற்கும், வீடு மட்டும் சூடேறும். திருகைச் சுற்றி வெண்ணெய்க் கத்தியின் கீறல்கள். பின்னால் மனைவி வெர்னாவின் கையில் காபிக் கோப்பை தட்டோடு சேர்ந்து கிடுகிடுக்கிறது. "சாஞ்சா இருக்கு, ஹார்லன்?" "பழைய வீடுல்ல, சுவரே சாஞ்சிருக்கும்." புதியதை மாட்டுகிறார். அறையின் சூடு எழுபத்திரண்டு என்று திரை ஒளிர்கிறது. இருவரும் பார்க்கிறார்கள். அவர் புதியதையும் எழுபத்திரண்டிலேயே நிறுத்துகிறார். "எப்பவும்போல அறுபத்தாறு. குளிருச்சுன்னா ஸ்வெட்டரப் போட்டுக்க." "எனக்குப் பழகிப்போச்சுப்பா," என்கிறார் வெர்னா. கோப்பையின் சத்தம் நின்றுவிட்டது.