பார்வையாளர் நாற்காலி

கார்காலம் வருமுன்னரே அதன் கனம் வந்து இறங்கிவிட்டது. நீருண்ட மேகங்கள் வானில் நகராது நிற்க, காற்றும் மூச்சடக்கிக் காத்திருந்தது. மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை. வாய்க்கால் கரையில் ஒரு தெரு இருந்த இடத்தில் செங்கற்குவியல் மட்டும், வரப்போகும் மழைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்துக் கிடந்தது.

"ஒரே ஒரு கேள்வி சார். இதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டீங்கன்னா நான் ஊருக்குக் கிளம்பிடுவேன்" என்றார் பேராசிரியர்.

எழுந்து நின்ற நகராட்சி ஆணையர், பேராசிரியர் அமர்ந்த பிறகே தாமும் அமர்ந்தார்.

பேராசிரியரின் துறை அரசியல் அறிவியல். அதிகாரம் எங்கே ஊற்றெடுக்கிறது, எவ்வழியே இறங்கி வருகிறது என்று காண்பதே அவருடைய தவம். தலைமைச் செயலகத்தின் அனுமதிக் கடிதத்தோடு கோடையில் இங்கு வந்தவர், விசாரணைக் கூடத்தில் ஆணையருக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியில் நாள்தோறும் அமர்ந்திருந்தார். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும், "ஒண்ணுமில்லீங்க, சும்மா பார்த்துட்டுப் போகத்தான்" என்பதே பதில். வாய் திறந்து ஒரு கருத்துச் சொன்னதில்லை. தாமரை இலைமேல் நீராக ஒட்டாது நிற்பதே ஆய்வாளனுக்கு அறம் என்பது அவர் கொண்ட நெறி.

ஆய்வு முடிந்துவிட்டது. இனி ஒட்டினால் குற்றமில்லை. வீடிழந்தவர்களுக்காக வழக்குத் தொடுக்க அவருடைய வழக்கறிஞர் நண்பர் ஆயத்தமாக இருந்தார். இடித்ததற்குக் காரணம் தெரிந்தால் போதும். மழைக்குள் மாற்றிடம் வாங்கித் தந்துவிடலாம்.

"வாய்க்கால் கரையில மூணு தெரு. மூணுமே அரசாங்க நிலம். மூணையும் நீங்கதான் விசாரிச்சீங்க. ரெண்டை விட்டுட்டு, கடைசித் தெருவை மட்டும் இடிச்சீங்க. ஏன்?"

"நல்லாக் கேட்டீங்க, போங்க!" ஆணையர் நெளிந்தார்.

"பணம் விளையாடிச்சான்னு பார்த்தேன். அவங்ககிட்ட ஏது பணம்? ஓட்டுன்னு பார்த்தா, மூணு தெருவும் ஒரே கட்சிக்குத்தான் போட்டிருக்கு. வெள்ளம் வரும்னு இடிச்சீங்களா? அந்தத் தெருதான் இருக்கறதுலயே மேடு!"

"ஐயா, நான் சின்ன ஆளு. மேலிடத்துக் குறிப்பு எப்படியோ அப்படி."

"அந்த மேலிடம் யாருன்னுதான் கேக்கறேன்."

ஆணையர் அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு, பரீட்சையில் சிக்கலான கேள்வியின் சூட்சுமம் பிடிபட்ட மாணவனாய்ச் சிரித்தார்.

"என் வாயைக் கிளறிப் பார்க்கறீங்க! அது மட்டும் என் வாயால வராதுங்க ஐயா. நான் புள்ளகுட்டிக்காரன்."

பேராசிரியர் திடுக்கிட்டார். ஓர் ஆணையரையே இப்படி நடுங்க வைக்கும் கை யாருடையது? கழுத்து நோவுக்காக மாட்டியிருந்து நேற்றுக் கழற்றிய பட்டையின் தடம் அரித்தது. தடவிக்கொண்டே எழுந்தார்.

வெளியே வந்ததும் மனைவி கைபேசியில் அழைத்தார்.

"கேட்டாச்சா? என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் பேசலை. பயந்து சாகறார்."

"நீங்க வழக்கம்போல தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டு வந்திருப்பீங்க. அதைச் சம்மதம்னு நம்பித்தானே எங்கப்பா என்னை உங்க தலையில கட்டினாரு!"

"எத்தனை தடவைம்மா சொல்றது? அதுக்கு 'ஆமா'ன்னு அர்த்தமில்லை, 'கேக்கறேன், மேல சொல்லு'ன்னு அர்த்தம்."

"எங்கப்பா போய்ச் சேர்ந்துட்டாரு. இனிமே யார்கிட்ட சொல்லப் போறீங்க?"

சிரிக்கத் தோன்றாமல் நடந்தார்.

கடைசித் தெருவின் குடும்பங்கள் பள்ளிக்கூட வகுப்பறைகளில் தங்கியிருந்தன. தாழ்வாரத்தில், இடிபாட்டிலிருந்து மீட்ட தையல் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த தையற்காரம்மா அவரைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"உட்காருங்கம்மா. மன்னிப்புக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். யார் சொல்லி உங்க தெருவை இடிச்சாங்கன்னு என்னால கண்டுபிடிக்க முடியலை."

அவள் அவர் முகத்தைப் புரியாமல் பார்த்தாள். அதில் கோபம் துளியும் இல்லை.

"போனது போகட்டும்யா. உங்க கழுத்து இப்பத் தேவலையா?"

"என் கழுத்தா? அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னய்யா இப்படிக் கேட்டுட்டீங்க! எங்க விசாரணை அன்னிக்கு நாங்க அத்தனை பேரும் அதைத்தானே பார்த்துக்கிட்டு நின்னோம். மத்த ரெண்டு தெருக்காரங்க அழுதப்போ நீங்க தலையாட்டினீங்க. ஆணையர் உடனே விட்டுட்டாரு. எங்க முறை வந்தப்போ கழுத்துல பட்டையோட வந்து உட்கார்ந்தீங்க. அவரும் உங்க தலையைப் பார்த்துப் பார்த்துக் கடைசி வரைக்கும் காத்திருந்தாரு. அது அசையவே இல்லை. இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டாரு."

பேராசிரியரின் கை தானாகவே கழுத்துக்குப் போயிற்று.

"பட்டையைக் கழட்டுங்கன்னு சொல்லலாம்னு என் வாய் வரைக்கும் வந்துச்சு. நோவோட இருக்கற மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

பள்ளிக்கூடக் கூரைமேல் மழையின் முதல் துளி விழுந்தது. அவள் கண்மூடிக் கைகுவித்து, உதடு மட்டும் அசைய எதையோ வேண்டிக்கொண்டாள்.

"அந்தக் கழுத்து நோவு இனி ஒருநாளும் உங்களுக்கு வரக்கூடாது. நல்லா இருங்கய்யா."