குடும்பத்துக்கு மட்டும்

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே தங்கமாரியின் கால்விரலிலிருந்து மெட்டி கழன்று உருண்டது. இசக்கியப்பன் பாய்ந்து எடுத்து, தெருவிலேயே குத்தவைத்து உட்கார்ந்து அவள் காலில் மாட்டிவிட்டான். டீக்கடையில் நின்றவர்கள், புது ஜோடி என்று சிரித்தார்கள்.

"மெதுவா மாட்டுங்கண்ணே, கூசுது" என்றாள் தங்கமாரி.

அண்ணன்தான். கூடப் பிறந்தவன் இல்லை. கம்பெனியில் ஒரே லைனில் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிற அண்ணன். மெட்டி, காலையில் சுங்குவார்சத்திரம் ஃபேன்ஸி ஸ்டோரில் வாங்கியது. தாலிக்கயிறும் வாங்கலாமா என்று கேட்டதற்கு அவள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். அவன் அதோடு விட்டுவிட்டான்.

"இந்தா, உள்ள போயி அண்ணேன்னு வாயத் தொறந்த, எனக்கு வீடு கெடைக்காது. 'இவுக'ன்னு சொல்லணும்."

"சரிண்ணே."

இருக்கிற அறையை ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் வரைக்கும் அலைந்துவிட்டான். கட்டுப்படியாகிற வாடகை என்றால் அந்த வாசலில் ஒரே போர்டுதான்: 'குடும்பத்துக்கு மட்டும்'. தனி ஆளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சொல்லி, பாதிச் சம்பளத்தைக் கேட்டார்கள்.

ஒருத்தன் படுத்து எழுந்த பாயில், சூடு ஆறுவதற்குள் அடுத்த ஷிஃப்ட்காரன் படுக்கிற பிழைப்பு அவனுக்கு அலுத்துவிட்டது. வீடு பார்த்து முடிக்கிறவரைக்கும் தங்கமாரி பெண்டாட்டி. அப்புறம் யார் கேட்டாலும் அவளுக்கு நைட் ஷிஃப்ட் என்று சொல்லிக் காலத்தை ஓட்டலாம். இந்தப் பக்கத்தில் அதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

வீட்டுக்காரர் வெங்கடேசன் கேட்டைத் திறந்தார். நாற்பது வயது இருக்கும். வயல் தொழிற்பேட்டைக்குப் போன காசில் மாடி எடுத்து வாடகைக்கு விடுகிறவர். கூடத்தில் புதுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்.

"நம்ம வூட்டம்மா. மஞ்சுளா" என்றார் வெங்கடேசன். "எதுவா இருந்தாலும் அதுகிட்ட பேசிக்கோங்க."

மஞ்சுளா தங்கமாரியை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாணம் எப்பம்மா ஆச்சு?"

"தையில" என்றான் இசக்கியப்பன்.

"ஆவணியில" என்றாள் தங்கமாரி. இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன.

இசக்கியப்பன் அவசரமாகச் சமாளித்தான். "பேசி முடிச்சது தையில. கட்டுனது ஆவணியில."

"ஓகோ. சமைக்கத் தெரியுமாம்மா? இவருக்கு இன்னா பிடிக்கும்?"

"எங்க அண்ணனுக்கு..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எங்க அண்ணனுக்கும் இவுகளுக்கும் கருவாடுன்னா உசிரு. ரெண்டு பேரும் ஒண்ணுபோல."

"பொரிக்கும்போது கீழயும் ரெண்டு துண்டு அனுப்பும்மா" என்று வெங்கடேசன் சிரித்தார். இசக்கியப்பனுக்குப் போன உயிர் வந்தது.

மஞ்சுளா டீ போட எழுந்தார். அடுக்களை நிலை தாழ்வு. நங்கென்று நெற்றியில் இடித்துக்கொண்டார். உள்ளே டப்பாக்களைத் திறந்து மூடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. கடைசியில் வெங்கடேசனே எழுந்து, தலையைக் குனிந்து உள்ளே போய், டீயோடு வந்தார்.

தங்கமாரி முழங்கையால் இசக்கியப்பனை இடித்தாள். "பாத்தியளா, பொண்டாட்டிக்கு டீ போட்டுக் குடுக்காக. நீங்களும் படிச்சுக்கிடுங்க."

"ரொம்ப ஆடாத" என்றான் அவன் பல்லுக்குள்.

"வாடக நான் கொறச்சுதான் சொல்றேன்பா" என்றார் வெங்கடேசன். "எனக்குக் காசு பெருசில்ல, குடும்பமா இருந்தா போதும். பேச்சிலருங்க வந்தா கேட்டே தொறக்கமாட்டேன். ஒண்டியா கீற ஆம்பளைய நம்பவே கூடாது."

மஞ்சுளாவுக்கு டீ புரையேறியது. இசக்கியப்பனுக்கும்தான்.

மாடியைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு அறை, ஒரு அடுக்களை, துணி காயப்போடக் கொடி. ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் கம்பெனிக் கூரை தெரிந்தது. இசக்கியப்பன் தரையைக் கையால் தடவிப் பார்த்தான். பாயை எங்கே விரிப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டான்.

"வெள்ளிக்கெழம பால் காய்ச்சிடுங்க" என்று வெங்கடேசன் சாவியைத் தங்கமாரியிடம் நீட்டினார். "வூட்டுச் சாவி பொம்பள கையில இருந்தாத்தான் வெளங்கும்."

தெருமுனை திரும்புகிறவரைக்கும் இருவரும் புருஷன் பெண்டாட்டிபோலவே பேசாமல் நடந்தார்கள். திரும்பியதும் தங்கமாரி மெட்டியைக் கழற்றி அவன் சட்டைப்பையில் போட்டாள். "பால் காய்ச்சுறதுக்கும் வரணுமாண்ணே?"

"வராம? நீதானம்மா குடும்பம்."

அங்கே வெங்கடேசன் கேட்டைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியில் சாய்ந்து வேர்வையைத் துடைத்தார்.

"இதுக்கு முன்னாடி வந்த குடும்பமெல்லாம் கூடத்த எட்டிப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போச்சு. இதாவது நின்னுச்சே மஞ்சுளா!"

மஞ்சுளா தலையிலிருந்த பூவை எடுத்து மேசைமேல் வைத்தார். சோபாவுக்குப் பின்னாலிருந்து கைப்பையை எடுத்து, கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"சீக்கிரம் நெசமாவே ஒருத்தியக் கட்டிக்குங்க சார், எனக்கு செகண்ட் ஷிஃப்ட் பஸ் வந்துடும்!"