எதிர்ப்பக்கம்

"நல்லா இழுத்துப் பாரு. யானை இழுத்தாலும் வராது."

ஜெர்லின் குனிந்து, பலகையில் இருந்த பெடல்களை ஒவ்வொன்றாக இழுத்தாள். எதுவும் அசையவில்லை. கண் தெரியாத அவள், கிதாரின் குரலை மாற்றும் அந்தச் சின்னப் பெட்டிகளை வெறுங்காலின் விரல்களால்தான் கண்டுபிடிப்பாள். போன கச்சேரியில் வெயிலுக்குப் பசை இளகி ஒரு பெடல் நகர்ந்துவிட்டது. பாட்டின் நடுவே அவள் கால் வெறும் பலகையைத் துழாவியது. அதனால்தான் டிரம்ஸ் வாசிக்கும் இன்பன், சைக்கிள் செயின் கண்ணிகளை வைத்து எல்லாவற்றையும் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தான்.

இப்போது அவள் காலை வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"அண்ணா, எங்க உக்காந்து மாட்டுனீங்க?"

"இங்கதான், உனக்கு எதிர்ல... ஐயோ!"

பெடல்களின் முகம் அவள் பக்கம்தான் இருந்தது. வரிசை மட்டும் அவனுடைய இடது கையிலிருந்து தொடங்கியிருந்தது; அவளுக்கு எல்லாம் இடம் வலமாக மாறிப்போயிருந்தது. வெளியே மேடையில் அவர்கள் குழுவின் பெயரை அறிவித்தார்கள். கூட்டம் கை தட்டியது.

"கழட்ட அரை மணி நேரமாவது ஆகும்மா. நான் ஒரு மடையன்."

அவள் அவன் கையைத் தேடிப் பிடித்தாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்து, கிரீஸ் பிசுபிசுத்தது.

"கழட்டாதீங்க. எனக்காக யாரும் எதையும் இவ்வளவு இறுக்கமா மாட்டினதில்ல. இடம் மாறினா பழகிக்கலாம்."

பிறகு வலது காலை மெல்ல அவன் பக்கம் நீட்டினாள்.

"என் காலப் பிடிச்சு ஒரே ஒரு தடவ ஒவ்வொண்ணு மேலயும் வச்சுக் காட்டுறீங்களா, அண்ணா?"