பிரவீனாவின் கை வலி

"சார், எனக்கு மணிக்கட்டு வலிக்குதுங்க. நல்ல கீபோர்டு ஒண்ணு வேணும்" என்றாள் பிரவீனா.

முதலாளி கந்தவேல் பதறிப்போனார். "ஏம்மா, இந்த வயசுலயே கையக் கெடுத்துக்கலாமா? இன்னைக்கே போயி வாங்கிக்க. கம்பெனி செலவு."

பக்கத்து இருக்கையில் ஆண்ட்ரூஸ் தலை நிமிராமல் புரோகிராம் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மணிக்கட்டு வலிதான். வருடக்கணக்காக. சாயங்காலமானால் சுண்டுவிரல் வரைக்கும் இழுக்கும்; மேசைக்கு அடியில் கையை உதறிக்கொள்வார். ஆனால் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

காரணம் இருந்தது. நாமக்கல் லாரி ஆபீஸ்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொடுக்கும் இந்தச் சின்னக் கம்பெனியை ஆரம்பிக்கும் முன் கந்தவேல் லாரி ஓட்டியவர், பிறகு லாரி வைத்திருந்தவர். வயதான டிரைவர் கை வலிக்குது என்று வாயைத் திறந்தால் அன்றைக்கே ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிடுவார். கோபத்தில் அல்ல, அக்கறையில். போன வருடம் இங்கே கணக்குப் பார்த்த சென்னிமலை, கண் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டார். "ஓடுனது போதுமுங்க, ஊட்டுல ரெஸ்ட் எடுங்க" என்று பொன்னாடை போர்த்தி அனுப்பிவைத்தார் கந்தவேல்.

ஆண்ட்ரூஸுக்கு வயது ஐம்பத்து மூன்று. மகள் இப்போதுதான் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். பொன்னாடை வாங்கும் நிலையில் அவர் இல்லை.

"அண்ணா, நீங்களும் கடைக்கு வாங்க. எனக்கு இதெல்லாம் பாத்து வாங்கத் தெரியாதுங்க" என்றாள் பிரவீனா.

போனார்கள்.

கடைக்காரர் நாலைந்து கீபோர்டுகளை மேசைமேல் பரப்பினார். "இது வளைஞ்சு வரும். இது ரெண்டா பிளந்தது. தேங்காய ஒடச்ச மாதிரி இருக்குதேன்னு பாக்காதீங்க, கைய எப்படி வெக்கத் தோணுதோ அப்படியே தள்ளி வெச்சுக்கலாம். அடிச்சுப் பாருங்க."

"நீங்க அடிச்சுப் பாருங்கண்ணா. ஒரு போன் பேசிட்டு வாரேன்" என்று வெளியே போய்விட்டாள் பிரவீனா.

இது என்ன கூத்து? வலி என்று சொன்னவள் வாசலில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். வலியை மறைத்தவன் இங்கே தட்டிப் பார்க்கிறான்.

வளைந்தது அவருக்கு ஒத்துவரவில்லை. இன்னொன்றில் விசைகள் கடினமாக இருந்தன. பிளந்ததன் இரண்டு பாதிகளையும் தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்து அடித்துப் பார்த்தார். மணிக்கட்டு மடங்கவில்லை. அந்த இழுப்பு இல்லை. கையை எடுக்கவே மனம் வரவில்லை.

"எது நல்லா இருக்குதுங்க?" பிரவீனா வந்து நின்றாள்.

"உன் கைக்கு நீதானம்மா பாக்கணும்?"

"பரவால்லீங்கண்ணா. நீங்க சொல்றதையே எடுத்துக்கறேன்."

அலட்சியத்தைப் பார் என்று எரிச்சல் வந்தது. பிளந்ததைக் காட்டினார்.

மறுநாள் ஆபீஸே அவள் மேசையைச் சுற்றி நின்றது.

"என்ன பிரவீனா, புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வெக்கலையா?" என்றான் மோகன்குமார்.

"மொதல்ல உன் தலையில ஏத்திப் பாக்கறேன், வா."

சிரிப்பு. ஆண்ட்ரூஸ் மட்டும் சிரிக்கவில்லை. அன்று முழுக்க அவள் தப்புத் தப்பாக அடித்து அழித்துக்கொண்டிருந்தாள். அதையும் கவனித்தார்.

ஞாயிறு மாலை மைதானத்தின் ஓரமாக ஸ்கூட்டரில் வந்தவர் பிரேக் போட்டார். உள்ளே பிரவீனா பேட்மிண்டன் ஆடிக்கொண்டிருந்தாள். எம்பிக் குதித்து ஓர் அடி. எதிரில் நின்றவளால் பந்தைத் தொடக்கூட முடியவில்லை. அடித்த கை, வலிக்கிறது என்று சொன்ன அதே கை.

இதைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் அது நியாயமா, பொறாமையா? நெடுநேரம் யோசித்தார். நியாயம்தான் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். ஆனாலும் திங்கட்கிழமை காலையில் கந்தவேலின் அறைக்குள் போகும்போது, கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

கந்தவேல் நேராக வெளியே வந்தார்.

"ஏம்மா, நேத்துப் பந்து ஆடுனயாமே? ஆண்ட்ரூஸ் பாத்திருக்காரு."

எல்லோரும் திரும்பினார்கள். ஆண்ட்ரூஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப் பெயரைச் சொல்லிக் கேட்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஆமாங்க சார்."

"அப்ப கை வலின்னது?"

பிரவீனா எழுந்து நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பொய்தானுங்க சார். புதுசா ஒண்ணு வேணும்னு ஆசையா இருந்துச்சு."

"கேட்டா வாங்கித் தர மாட்டனா? பொய்யி எதுக்கு? இந்த வருசம் உனக்கு இன்க்ரிமென்ட் கெடையாது போ. கடைக்காரன் அதத் திருப்பியும் எடுக்க மாட்டான். யாராச்சும் வெச்சுத் தொலைங்க."

அவர் அறைக்குள் போனதும் மற்றவர்கள் தங்கள் திரைக்குத் திரும்பினார்கள். பிரவீனா வயரைப் பிடுங்கினாள். இரண்டு பாதிகளையும் தூக்கிக்கொண்டு வந்து ஆண்ட்ரூஸின் மேசையில் வைத்தாள்.

"இது எனக்குச் சரியா வர மாட்டேங்குதுங்கண்ணா. நீங்க வெச்சுக்குங்க."

"எனக்கு எதுக்கு?" குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. "எனக்கு என்ன, கை வலியா?"

பிரவீனா குனிந்து வயரைச் செருகினாள். மற்றவர்கள் காதில் விழாதபடி சொன்னாள்:

"பொய் எம் பேர்லயே இருக்கட்டுமுங்கண்ணா. எனக்குன்னா ஒரு இன்க்ரிமென்ட்டோட போயிரும். வலின்னு தெரிஞ்சா உங்கள ஊட்டுக்கு அனுப்பிருவாங்க."