யாருடைய உபயம்?

அன்னதான உபயகாரரின் பெயரை அறிவிக்க, நயினாதீவுக் கோயிலில் குருபரன் ஒலிவாங்கியை எடுத்தார். அப்புத்துரை ஓடிவந்து தடுத்தார்.

“தம்பி, என்ரை மகன்ரை பேரை வாசிக்க வேண்டாம்.”

“ஏன் அண்ணை? கனடாவிலையிருந்து முழுச் செலவும் அனுப்பினது நிலக்ஷன்தானே?”

“ஓம். எண்டாலும் சறோஜினிதேவி ரீச்சற்றை பேரை வாசியும்.”

பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டிருந்த ரீச்சரைக் குருபரன் பார்த்தார். “அவ ஒண்டும் தரேல்லையே?”

அப்புத்துரை தலை குனிந்தார்.

“அவன்ரை படிப்புக் கடனுக்குப் பிணை நிண்டவ. அவன் கட்டேல்லை. நாலு வருசமாய் அவவின்ரை சம்பளத்திலைதான் வெட்டுகினம். தள்ளுபடி செய்ய ஏலாதோ எண்டு வங்கியிலை கேட்டனான். கடன் எடுத்தவர் செத்தால்தானாம்.”

குருபரன் ஒலிவாங்கியை இறக்கினார். அப்புத்துரை பந்தியைப் பார்த்தபடி கேட்டார்:

“அவன் உயிரோடை, வசதியாய் இருக்கிறான் எண்டதை அவவுக்குக் கேட்க மைக்கிலையும் சொல்லோணுமோ?”