சிவப்பு நம்பர்

பவளக்கொடி பழைய பல் பிரஷ்ஷால் ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நுரைக்குள் கண் சொக்கிக் கிடந்த இடது ஷூவுக்கு, சாலை ஓர் ஆறாகித் தன் அடியில் ஓடிக்கொண்டே இருப்பதாகக் கனவு.

வலது ஷூ மெல்ல இடித்தது. "அண்ணே, இந்த ஞாயிறும் ஓட்டத்தைப் பாதியில விட்டா, பவளக்கா நம்மளைப் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடுமாம்."

"போன தடவை யாரால விட்டோம்?"

"நெஞ்சுல சிவப்பு நம்பர் குத்தின ஒருத்தி முந்துனா. எனக்குப் பொறுக்கலை. விரட்டிப் பிடிச்சேன்ல?"

"பிடிச்சே. அவ அங்கேயே ஓட்டம் முடிஞ்சு இளநி குடிக்க உட்கார்ந்துட்டா. சிவப்புன்னா பத்து கிலோமீட்டர்டா. நம்மது நீலம். நாப்பத்திரண்டு."

நுரைக்குமிழ் ஒன்று வலது ஷூவின் மூக்கில் வந்து உட்கார்ந்து, மெல்ல உடைந்தது.

"சரிண்ணே. இனிமே சிவப்பு முந்துனா, போயிட்டு வா தாயின்னு அனுப்பிடறேன்."

இடது ஷூ நிம்மதியாகக் கண்ணை மூடியது.

"ஆனா நீல நம்பர் யாராச்சும் முந்துனா மட்டும் நான்..."

"பவளம், பிள்ளை முழிச்சிட்டான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவள் இரண்டையும் வாளித் தண்ணீரில் அமுக்கிவிட்டு எழுந்தாள். மீதிப் பேச்சு குமிழ் குமிழாக மேலே வந்துகொண்டே இருந்தது.