காளையின் இரண்டாவது கொம்பு

1983 ஆவணியில் கல்தச்சர் மயிலேறும்பெருமாள் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்ட கதை இது.

பண்டைய ஆற்றங்கரை நகரமொன்றில், முத்திரை செதுக்குபவன், சுட்டால் இறுகும் மாக்கல் ஒன்றில் யானையையும் மற்றொன்றில் காளையையும் செதுக்கினான். பக்கவாட்டில் நின்றதால் காளைக்கு ஒரு கொம்பே தெரிந்தது.

“எனக்கு இரண்டு கொம்பு. சூளையில் கல் இறுகிவிட்டால் பிறகு உளி இறங்காதே” என்று காளை புலம்பியது.

“எனக்கும் ஒரு காதுதான் தெரிகிறது. நான் அழுகிறேனா, தம்பி?” என்றது யானை.

அந்நேரம் வந்த வணிகர்கள் யானையை ஒதுக்கிவிட்டு, “ஒற்றைக் கொம்பா? இது தெய்வ மிருகம்” என்று காளையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவர்கள் சென்றதும், முன்பு கேட்ட புலம்பலுக்கு இரங்கிச் செதுக்குபவன் உளியை எடுத்தான்.

“எதற்கு உளி?” என்றது காளை.

“உன் இன்னொரு கொம்புக்கு.”

“எந்தக் கொம்பு? எங்கள் வம்சத்தில் எவருக்கும் ஒன்றுக்குமேல் கிடையாது. வேண்டுமானால் யானை அண்ணனைக் கேள்.”

யானை வாய் திறக்குமுன் காளை சூளைக்குள் போய்விட்டது.

மயிலேறும்பெருமாளின் சம்பந்தி சொல்லும் வடிவத்தில் யானை முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுகிறது. இரண்டாவது கொம்பும் செதுக்கப்பட்ட அந்தக் காளையை எவரும் வாங்கவில்லை.